ஓடாத வண்டியை ஊர்விட்டு ஊர் ஏற்றுவது: கேட்டவர்களுக்குப் பதில்

சுங்கை சிப்புட் பக்கத்தில் பழைய வண்டி வாங்கிச் செப்பனிடும் ஆசை நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் வண்டி ஜொகூரிலோ கிளந்தானிலோ கிடக்கும். காசு கொடுத்து முடித்த பிறகுதான் எப்படிக் கொண்டுவருவது என்ற யோசனையே வருகிறது. கார் ஏற்றும் லோரித் தொழிலில் இருப்பவன் என்பதால் கேள்விகளை எனக்கு அனுப்பச் சொன்னேன். வந்தவற்றுக்குப் பதில் இதோ.

கேள்வி: கூலாயில் ஒரு டட்சன் 120ஒய் வாங்கியிருக்கிறேன் அண்ணே. இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டும் இல்லை. பல வருஷமாக ஒரே இடத்தில் நிற்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: லோரியைத் தேடாதீர்கள் தம்பி, முதலில் வண்டியிடம் போங்கள். மூன்றே கேள்விதான். சக்கரம் உருளுமா? ஸ்டேரிங் திரும்புமா? பிரேக் பிடிக்குமா? இந்த மூன்றுக்கும் உண்மையான பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இன்ஜினே இல்லாத வண்டி நான்கு சக்கரத்தில் உருண்டால், வின்ச் என்ற இழுவைப் பொறியின் கம்பி போட்டு ஒரே ஆள் ஏற்றிவிடுவார். இன்ஜின் நல்லா இருந்தும் பின்சக்கரம் இரண்டும் இறுகிப்போயிருந்தால் கிரேன் கேட்கும்.

120ஒய்க்குப் பின்னால் டிரம் பிரேக். ஹேண்ட் பிரேக் போட்டபடியே நிறுத்தியிருந்தால் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும். முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்திச் சக்கரத்தைக் கழற்றுங்கள். டிரம்மின் முகத்தில், போல்ட்டுகளுக்கு நடுவில், சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். விளிம்பில் அடித்தால் வார்ப்பிரும்பு உடைந்துவிடும். முதலில் துருத்தூள் கொட்டும், அப்புறம் தட்டுகிற சத்தமே மாறும். கையால் திருப்பிப் பாருங்கள், கொஞ்சம் அசைந்தால் ஷூ விட்டுவிட்டது. அந்தக் காலத்து ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், தூளை ஊதாதீர்கள், முகக்கவசம் போடுங்கள்.

டயரில் காற்று நிற்காவிட்டால் நான்கு போல்ட், 114.3 பிசிடியில் (போல்ட் வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில்) பழைய ரிம் டயரோடு இரவல் வாங்கிப் போங்கள். சாவி இல்லையென்றால் ஸ்டேரிங் பூட்டிக்கொள்ளும், அதையும் லோரிக்காரரிடம் சொல்லிவிடுங்கள், சக்கரத்துக்கு அடியில் வைக்கும் உருளைத்தட்டு கொண்டுவருவார். கியர்பாக்ஸ் இல்லாததால் புரோபெல்லர் ஷாஃப்ட்டின் முன்முனை தொங்கும். கழற்றி வண்டியின் பின்பெட்டியில் போட்டுவிடுங்கள். பானெட் கொக்கி துருப்பிடித்திருந்தால் அதை நம்பாமல் கயிறு போட்டுக் கட்டுங்கள், நெடுஞ்சாலைக் காற்று பானெட்டைத் தூக்கிக் கண்ணாடியில் அறைந்துவிடும்.

இனி லோரி. புது வண்டிகளை இரண்டு அடுக்காக ஏற்றிப் போகும் நீள லோரியைக் கேட்காதீர்கள். அதில் வண்டியை ஓட்டித்தான் ஏற்ற வேண்டும், உங்களுடையதை எடுக்க மாட்டார்கள். தளம் சாய்ந்து இறங்கும் கேரியர், வின்ச்சோடு வேண்டும். அவசரமில்லை என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். ஜொகூரில் ஒரு வண்டியை இறக்கிவிட்டு வெறும் லோரியாக வடக்கே திரும்புகிறவர் எப்போதும் உண்டு. அவருக்கு எண்ணெய்க் காசு வந்தால் போதும் என்றிருக்கும், தனிப் பயணத்தைவிட நன்றாகக் குறையும். நம் ஊருக்கு இன்னொரு வசதி, பினாங்கு போகிற லோரி ஈப்போ வடக்கில் இறங்கிப் பழைய சாலையில் வந்து உங்கள் வண்டியை இறக்கிவிட்டு, கோலகங்சாரில் மறுபடியும் நெடுஞ்சாலை ஏறிக்கொள்ளலாம். பெரிய சுற்று இல்லை, மெனோரா சுரங்க ஏற்றமும் மிச்சம். பேரம் பேசும்போது இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: ஜொகூர் பாருவிலிருந்து இங்கே எவ்வளவு வெள்ளி ஆகும்?

பதில்: வண்டியைப் பார்க்காமல் நான் விலை சொல்வதில்லை. தூரம், டோல், வின்ச் வேலை, ஏற்றும் இடத்தில் காத்திருக்கும் நேரம், திரும்பும்போது லோரி வெறுமையாகப் போகுமா என்பது, எல்லாம் சேர்ந்ததுதான் விலை. ஆறு சக்கர லோரிக்கு டோல் இரண்டாம் வகுப்பு, காருக்குக் கட்டுவதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மூன்று பேரிடம் கேளுங்கள், மூவருக்கும் அதே படங்களை அனுப்புங்கள்.

கேள்வி: காப்புறுதியில் இலவச டோவிங் இருக்கிறதே, அதில் கொண்டுவர முடியாதா?

பதில்: முடியாது. அது நடப்பில் இருக்கும் காப்புறுதியோடு ஓடிக்கொண்டிருந்த வண்டி வழியில் பழுதானாலோ மோதினாலோ கிடைப்பது. சாலை வரி செத்து வருஷக்கணக்கான வண்டிக்கு அது பொருந்தாது.

கேள்வி: என் தாத்தாவின் மோரிஸ் மைனர் தோட்டத்தில் பழைய லயத்துக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் கிடக்கிறது. கிள்ளானில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் ஐயா. தாத்தா இறந்துவிட்டார்.

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம் அம்மா. இப்படிப்பட்ட வண்டிகள் பழைய இரும்புக்கடைக்குப் போவதைத்தான் நிறையப் பார்க்கிறோம்.

தோட்டத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு வருகிற அந்தக் கொஞ்ச தூரம்தான் கிள்ளான் வரைக்குமான வேலையில் மிகக் கஷ்டமானது. முதலில் தோட்ட அலுவலகத்தில் சொல்லி, வண்டி எண்ணும் லோரி எண்ணும் போட்ட ஒரு கடிதம் வாங்குங்கள். கேட்டில் இருக்கும் பாதுகாவலர் அந்தத் தாள் இல்லாமல் எந்த வண்டியையும் வெளியே விட மாட்டார், விடவும் கூடாது. அப்புறம் பாதையை நடந்து பாருங்கள். வாய்க்கால் மேல் போட்ட சின்னப் பாலங்கள் லோரி கனத்தைத் தாங்குமா என்று தோட்ட மேற்பார்வையாளரான மண்டோரிடம் கேளுங்கள், செம்பனைக் குலை லோரி எந்தப் பாதையில் போகிறதோ அதுதான் உங்களுக்கும் பாதை. மழை விட்ட மறுநாள் போகாதீர்கள். செம்மண் மேலே காய்ந்த மாதிரி தெரியும், அடியில் சேறாக இருக்கும், கேரியர் புதைந்தால் அதை இழுக்க இன்னொரு லோரி வேண்டும்.

ரிம் வரைக்கும் மண்ணில் இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியே வின்ச் போட்டு இழுக்க விடாதீர்கள். ஒவ்வொரு சக்கரத்தைச் சுற்றியும் மண்வெட்டியால் தோண்டி, ஜாக்கியில் தூக்கி, அடியில் பலகை கொடுத்துவிட்டு இழுக்க வேண்டும். மோரிஸ் மைனருக்குத் தனிச் சட்டம் கிடையாது, தரைத்தகடும் நடுவில் குறுக்கே போகும் உத்தரமும்தான் அதன் பலம், துரு முதலில் தின்பதும் அவற்றைத்தான். கம்பியை எங்கே மாட்டுவது என்று படுத்துப் பார்த்து, கம்பியால் குத்திப் பார்த்துவிட்டு முடிவெடுக்கச் சொல்லுங்கள். உள்ளே குளவிக்கூடும் பாம்பும் இருக்கும், கதவைத் திறந்தவுடன் தலையை விடாதீர்கள்.

தாத்தா பெயரில் இருக்கும் கிரான் (வண்டியின் பதிவுப் பத்திரம்) விஷயம் என் வேலை இல்லை. இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் அமானா ராயாவில் போய்க் கேளுங்கள், வண்டியை நகர்த்துவதற்கு முன்பே போங்கள், வாரிசுகள் எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள்.

கேள்வி: சிரம்பானிலிருந்து புரோட்டோன் சாகா கொண்டுவர எவ்வளவு?

பதில்: மேலே ஜொகூர் பாரு கேள்வியைப் படியுங்கள்.

கேள்வி: கேமரனிலிருந்து காய்கறி ஏற்றும் நண்பர், திரும்பும்போது கோலாலம்பூரிலிருந்து என் வண்டியை ஏற்றி வருகிறேன் என்கிறார். சும்மாவே செய்வார். சரிதானே?

பதில்: சரியில்லை. சரக்கு லோரிக்கு உரிமம் இரண்டு விதம். ஏ வகை, கூலிக்கு மற்றவர் சரக்கு ஏற்ற. சி வகை, சொந்தச் சரக்கு மட்டும் ஏற்ற. உங்கள் நண்பரின் லோரி சி ஆக இருந்து, நீங்கள் எண்ணெய்க் காசு என்று எதையாவது கொடுத்தால் அது கூலிதான். பிடிபட்டால் அவர் பிழைப்புக்கு ஆபத்து, வழியில் ஏதாவது நடந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கும். அதோடு காய்கறி லோரியில் வின்ச் கிடையாது, காரைக் கட்டும் வளையம் கிடையாது. பக்கப் பலகையில் கயிறு கட்டிக் கொண்டுவந்த வண்டிகளின் கதியைப் பார்த்தவன் சொல்கிறேன். யாரை அமர்த்தினாலும் ஏ உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: கோத்தா பாருவில் கேஈ70 கொரோலா. எந்த வழி நல்லது?

பதில்: கிரிக் வழி. ஜெலி, கிரிக், லெங்கோங், கோலகங்சார், இங்கே. 1982இல் திறந்த கிழக்கு மேற்கு நெடுஞ்சாலைதான். பகலில் மட்டும் வரச் சொல்லுங்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரைக்கும் வெள்ளக்காலம், அப்போது கிளந்தானிலிருந்து எதையும் எடுக்காதீர்கள்.

இந்தப் பதிலுக்கு ஈப்போவிலிருந்து லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர் மறுப்பு எழுதினார்: "கிரிக் ரோடு அலை அலையாக அமுங்கிக் கிடக்கிறது, கட்டிய பெல்ட் எல்லாம் தளர்ந்துவிடும். குவா மூசாங் போய் லோஜிங் வழியாக சிம்பாங் பூலாய் இறங்கினால் ரோடு அகலம்."

அண்ணே, ரோடு அகலம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லோஜிங்கிலிருந்து சிம்பாங் பூலாய் வரைக்கும் இறங்கும் அந்த நீள இறக்கத்தில், முதுகில் ஒரு காரோடு, முன்னால் கேமரன் காய்கறி லோரிகள் பிரேக் மணக்க மணக்க இறங்கும்போது, அகலம் என்ன உதவி செய்யும்? மழைக்காலத்தில் மண்சரிவு வேறு. கோத்தா பாருவிலிருந்து தூரமும் கூடுதல்.

உடனே கிரிக்கிலிருந்து ஒரு தங்கை: "இரண்டு பேரும் யானையை மறந்துவிட்டீர்கள். சாயங்காலம் ஆனால் ரோட்டோரம் நிற்கும், லோரிக்காரர்கள் ஹார்ன் அடித்து அதைச் சீண்டுகிறார்கள்." தங்கை சொல்வது முழுக்க உண்மை. யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹார்ன் வேண்டாம், விளக்கை மின்ன வேண்டாம், அது காட்டுக்குள் போகும் வரைக்கும் காத்திருங்கள். பகலில் வரச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

ஈப்போ அண்ணன் மறுபடியும்: "பகலில் வந்தாலும் பெல்ட் தளரும். அதற்குப் பதில் சொல்லுங்கள்."

சொல்கிறேன். பெல்ட் தளர்வது ரோட்டால் மட்டும் இல்லை, கட்டும் விதத்தால். உடம்பை இழுத்துக் கட்டினால், ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்பிரிங் அமுங்கும்போது பெல்ட் தொங்கும், எழும்பும்போது வெடுக்கென்று இழுக்கும். அப்படியே கொக்கி கழன்றுவிடும். பெல்ட்டை டயரைச் சுற்றிப் போட்டு, டயரைத் தளத்தோடு அழுத்திக் கட்டுங்கள். மேலே உடம்பு தன் பாட்டுக்கு ஆடட்டும், சக்கரம் அசையாது. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி பெல்ட், முன்னும் பின்னும் மரக்கட்டை. டை ராடிலோ, ஸ்டெபிலைசர் பாரிலோ, ரேடியேட்டர் தாங்கியிலோ கொக்கி மாட்டுகிறவரை ஏற்றவே விடாதீர்கள். புறப்பட்ட அரை மணியில் ஒரு தடவை நிறுத்தி, பெல்ட்டை இறுக்கும் ரேச்சட்டைச் சோதிக்க வேண்டும், மலை உச்சியில் தித்திவாங்சா ஓய்விடத்தில் இன்னொரு தடவை. அங்கே இறங்கிப் பெல்ட்டைக் கையால் தட்டிப் பாருங்கள், இறுக்கமாக இருந்தால் கணீரென்று அதிரும்.

இதற்குப் பிறகும் இந்த விவாதம் போய்க்கொண்டே இருக்கிறது. கொரோலாத் தம்பி, நீங்கள் கிரிக் வழியிலேயே எடுங்கள்.

கேள்வி: மெர்சிடிஸ் டபிள்யூ123, ஆட்டோ. முன்சக்கரத்தைத் தூக்கி இழுக்கும் சின்ன டோ லோரி மலிவாகக் கிடைக்கிறது.

பதில்: வேண்டாம். அந்த வண்டிக்குப் பின்சக்கர இழுவை. முன்னால் தூக்கினால் பின்சக்கரம் தரையில் சுற்றும், கியர்பாக்ஸும் உள்ளே சுற்றும். எண்ணெய் தள்ளும் பம்பை ஓட்டுவது இன்ஜின், அது நின்றிருப்பதால் கியர்பாக்ஸ் எண்ணெயில்லாமல் எரியும். முழுக்கத் தளத்தில் ஏற்றுங்கள்.

கேள்வி: கோலகங்சார் பக்கம்தானே, கயிறு கட்டி இழுத்து வரலாமா?

பதில்: கூடாது. இன்ஜின் ஓடாவிட்டால் பிரேக்குக்கு வேக்குவம் உதவி இல்லை. பின்னால் ஸ்டேரிங் பிடித்திருப்பவர் உங்கள் தம்பியாகவோ நண்பராகவோ இருப்பார்.

கேள்வி: லங்காவியில் மலிவாக ஒரு வண்டி, கேவி என்று தொடங்கும் லங்காவி எண். ஃபெர்ரியில் ஏற்றி வந்துவிடலாமா?

பதில்: வரியில்லாமல் பதிவான வண்டியாக இருந்தால், சுங்க இலாகாவில் வரி தீர்க்காமல் தீபகற்பத்தில் நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியாது. மலிவுக்குக் காரணமே அதுதான். முதலில் சுங்க இலாகா, பிறகு மற்றதெல்லாம்.

கேள்வி: கூச்சிங்குக்கு அனுப்ப முடியுமா?

பதில்: கிள்ளான் துறைமுகத்திலிருந்து கப்பல். ஓட்டி ஏற்றும் கப்பலில் ஓடாத வண்டி என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், கட்டணம் கூடும். 20 அடி கொள்கலன் நல்லது, உள்ளே அகலம் ஏறக்குறைய 2.35 மீட்டர், பழைய கார்களுக்குத் தாராளம். பெட்ரோலை வடித்துவிடுங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள். மீதியைக் கப்பல் முகவரிடம் கேளுங்கள், நான் தரைக்காரன்.

கேள்வி: தோராயமாகவாவது விலை சொல்லுங்களேன் அண்ணே. குவாந்தானிலிருந்து.

பதில்: சொல்ல மாட்டேன் தம்பி. நான் ஒரு எண்ணைச் சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு லோரிக்காரரிடம் சண்டை போடுவீர்கள். படம் எடுத்து அனுப்பி விலை கேளுங்கள்.

கேள்வி: முழுப் பணமும் முன்னாலேயே கட்டச் சொல்கிறார்கள். தாள் எதுவும் கேட்கவில்லை.

பதில்: தாள் கேட்காதவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். எண் பலகை இல்லாத கூட்டை ஏற்றிக்கொண்டு போகும் லோரியைச் சாலைத் தடுப்பில் நிறுத்தினால், திருட்டு வண்டி இல்லை என்று ஓட்டுநர் காட்ட வேண்டும். கிரான் நகல், விற்றவரின் அடையாள அட்டை நகல், இருவரும் கையெழுத்திட்ட விற்பனைக் கடிதம், மூன்றும் அவர் கையில் இருக்கட்டும். சேசிஸ் எண்ணை நீங்களே துணியால் துடைத்துக் கிரானோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதைச் செய்யாமல் ஏற்றவே ஏற்றாதீர்கள், ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அப்புறம் அழுது பயனில்லை. பணம் கொஞ்சம் முன்பணம், மீதி இறக்கிய பிறகு. முழுப் பணமும் முன்னால் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி: வண்டி ஓடாது என்றால் பெயர் மாற்றம் எப்படி?

பதில்: பெயர் மாற்றத்துக்குப் புஸ்பாகோம் வண்டிச் சோதனை நிலையத்தின் பி5 சோதனையில் பிரேக், விளக்கு எல்லாம் தேற வேண்டும். ஆகவே வண்டி ஓடும் வரைக்கும் பழைய உரிமையாளர் பெயரில்தான் இருக்கும், அவருடைய ஒத்துழைப்பு பிறகும் தேவை. மற்ற விவரத்துக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) முகப்புக்குப் போங்கள்.

கேள்வி: லோரி வந்து சேரும்போது நான் என்ன பார்க்க வேண்டும்? வீடு தாமானில் (குடியிருப்புப் பகுதி), ரோடு ஒடுக்கம்.

பதில்: ஏற்றும் முன் நான்கு பக்கமும் உள்ளேயும் எடுத்த படங்களைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டை அவிழ்ப்பதற்கு முன்பே சுற்றிப் பாருங்கள், தளத்தில் எண்ணெயோ பெட்ரோலோ சொட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கேரியர் தளம் பின்னால் சாய்ந்து இறங்க லோரி நீளத்துக்கு இன்னொரு பங்கு இடம் வேண்டும். தாமானில் அது கிடைக்காது, சந்து முனையில் இறக்கித் தள்ளிக்கொண்டு வர நான்கு பேரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பிரேக் இல்லாத வண்டி என்றால் ஒருவர் கையில் கட்டையோடு சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடக்கட்டும், யாரும் வண்டிக்குக் கீழ்ப்பக்கம் நிற்க வேண்டாம். வீட்டில் நிறுத்திக் கட்டை வைத்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.