மருதாணிக்குக் கடலோரத்தில் ஒரு பங்காளி

(வாசகர்களின் தோட்டக் கேள்விகளுக்கு உச்சிப்புளி நர்சரிக்காரர் பதில் சொல்கிறார்)

கேள்வி: குருசடைத் தீவில் கரையை ஒட்டி, சாம்பல் பூத்த மாதிரி சிற்றிலைப் புதர் ஒன்று பார்த்தேன். வெள்ளைப் பூ. என்ன செடி அது? ஒரு கிளை ஒடித்து வந்து நட்டால் வருமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: நீங்கள் சொல்கிற அடையாளத்துக்கு அது பெம்ஃபிஸ் அசிடுலாவாகத்தான் இருக்கணும். மருதாணி, மாதுளை குடும்பம். இலை ஒரு அங்குலம்கூட இருக்காது. தடிப்பாக, மேலே பட்டு ரோமத்தோடு இருக்கும். அந்த ரோமம்தான் உங்களுக்குச் சாம்பலாகத் தெரிந்தது. மென்று பார்த்தால் புளிக்கும். பூவுக்கு ஆறு இதழ், ஒவ்வொன்றும் கசக்கிப் பிரித்த காகிதம் மாதிரி.

ஆனால் அம்மா, கிளை ஒடிக்கிற எண்ணத்தை விட்டுவிடுங்கள். குருசடை உட்பட, இராமேஸ்வரம் தொடங்கி தூத்துக்குடி வரைக்கும் உள்ள 21 தீவுகளும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கிருந்து செடி எடுத்தால் வனத்துறை வழக்குப் போடும். ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை முதல் பசிபிக் தீவுகள் வரை இந்தச் செடிக்குப் பஞ்சமில்லை, உலக அளவில் அழியும் பட்டியலிலும் இல்லை. நம் பக்கம்தான் அரிது. ஆளுக்கு ஒரு கிளை என்று ஒடித்தால் மிச்சம் என்ன இருக்கும்?

கேள்வி: பெம்ஃபிஸைக் கண்டல் (கடலோரச் சேற்று மரங்கள்) வகையில் சேர்க்கிறார்களே, அப்படியானால் சேறு வேண்டுமா?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: வேண்டாம். காரங்காட்டில் படகில் போகும்போது பார்ப்பீர்களே, சேற்றில் ஆணி அடித்த மாதிரி மூச்சுவேர் நிற்கும் அலையாத்தி, அந்த ரகம் வேறு. பெம்ஃபிஸ் நிற்பது பவளப்பாறை மேலும், ஓதம் (கடல் ஏற்றம்) எப்போதாவது தொடுகிற மணல் மேட்டிலும்தான். மூச்சுவேர் கிடையாது. விதை மிதந்து போய் இன்னொரு கரையில் முளைக்கும். தண்ணீர் கட்டி நின்றால் பிடிக்காது.

கேள்வி: மண்டபத்தில் தென்கடல் பார்த்த விருந்தினர் விடுதி எங்களுடையது. எது வைத்தாலும் உப்புக்காற்றில் கருகுகிறது. இது நிற்குமா?
– வாசகர், மண்டபம்

பதில்: நிற்கும். உப்பு தெளித்தாலும் கச்சான் காற்று அடித்தாலும் அசையாத செடி. பிரச்சினை வேறு: வளர்த்தி ரொம்ப மெதுவு. நட்டதும் வேலியாகிவிடும் என்று நினைத்தால் கோபம்தான் வரும். அதனால் பின்வரிசையில், காற்றுத் தடுப்பாகப் பூவரசும் புன்னையும் வையுங்கள். கடலுக்கு முன்வரிசையில், மணல் பிடிக்க அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் போதும். நடுவே, பார்வைக்குப் படும் இடத்தில், ஐந்தடி இடைவெளியில் பெம்ஃபிஸ். பாதை ஓரத்துக்கு, இடுப்பளவில் கவாத்து செய்து வைத்தால் அழகு. கவாத்து செய்யாமல் விட்டால் கோணல்மாணலாகப் போகும். என் கண்ணுக்கு அதுவே இன்னும் நன்றாக இருக்கிறது.

நாள் முழுக்க வெயில் வேண்டும். மணலில் கொஞ்சம் மக்கிய எருவும் சிப்பித் தூளும் கலந்தால் சரி. பவளக்கல்லைப் பொறுக்கிப் போடாதீர்கள். அது 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. ஒன்று மறந்தேன்: பக்கத்தில் புல்தரை போட்டு, காலை மாலை தண்ணீர் பாய்ச்சும் திட்டம் இருந்தால் இந்தச் செடியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: பரமக்குடி, களிமண் நிலம். வைக்கலாமா?
– வாசகர், பரமக்குடி

பதில்: வேண்டாம். நொச்சி வையுங்கள்.

கேள்வி: போன்சாய்க்கு இது பேர்போன மரமாமே? இணையத்தில் தடித்த அடிமரத்தோடு விற்கிறார்கள், வாங்கலாமா?
– கல்லூரி மாணவர், இராமநாதபுரம்

பதில்: பேர்போனதுதான் தம்பி. பிலிப்பைன்ஸில் பந்திகே என்றும் இந்தோனேசியாவில் சந்திகி என்றும் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். அந்த மோகத்தால்தான் அங்கே கரையெல்லாம் பிடுங்கப்பட்டு, பிலிப்பைன்ஸில் காட்டிலிருந்து எடுக்கத் தடையே வந்தது. தடித்த அடிமரம் மலிவாக வருகிறதென்றால் எங்கோ பிடுங்கியது என்றே வைத்துக்கொள். விதையில் வளர்த்த கன்று என்று பில்லோடு தருகிறவரிடம் மட்டும் வாங்கு. வெளிநாட்டிலிருந்து வருகிறது என்றால் இறக்குமதி அனுமதி, தாவர நோய்த்தடுப்புச் சான்று இரண்டையும் கேள். பேச்சை மாற்றினால் விட்டுவிடு.

சின்னக் கன்று வாங்குவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. இதன் கட்டை இரும்பு; கைத்தடிக்கும் கருவிப்பிடிக்கும் தீவுக்காரர்கள் இதைத் தேடுவார்கள். முற்றிய கிளையில் கம்பி சுற்றி வளைத்தால் ஒடியும். பச்சைக் குச்சியாக இருக்கும்போதே கம்பி சுற்று. தொட்டியில் வைத்தால் தண்ணீர் குடிப்பதில் பேராசைக்காரன். கோடையில் ஒருவேளை மறந்தாலும் நுனிக் கிளை காய்ந்துபோகும். வேரை ஒரேயடியாக வெட்டாதே. தொட்டி மாற்றும்போது கொஞ்சமாகக் கத்தரித்து, துளிர் வரும்வரை நிழலில் வை.