போர்க்காலத் தொழிற்சாலை வாழ்க்கையை உள்ளது உள்ளபடி காட்டிய பழைய பிரிட்டிஷ் படம் ஏதாவது உண்டா?

உண்டு. 1943-இல் வந்த 'மில்லியன்ஸ் லைக் அஸ்'. நான் சில வருடம் லேத்தில் நின்றவன். சினிமாவில் தொழிற்சாலையைக் காட்டினால் நடிகர்களை விட்டுவிட்டு மெஷினைத்தான் பார்ப்பேன். இதில் ஏமாற்றவில்லை, நிஜ விமானத் தொழிற்சாலைக்குள் போய் எடுத்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் இது அரசாங்கத்தின் தகவல் அமைச்சகம் கேட்டு உருவான படம். ஃபிராங்க் லாண்டர், சிட்னி கில்லியட் இருவரும் சேர்ந்து எழுதி இயக்கினார்கள். 1941 டிசம்பரில் வந்த சட்டப்படி இருபதிலிருந்து முப்பது வயதுக்குள் இருந்த கல்யாணமாகாத பெண்களைக் கட்டாயமாகப் போர்ப் பணிக்கு அழைக்கலாம். கதாநாயகி சீலியாவுக்கும் (பெட்ரிசியா ராக்) அப்படி அழைப்பு வருகிறது. விமானப்படைச் சீருடை, நர்ஸ் உடை என்று மனதுக்குள் ஒவ்வொன்றாக உடுத்திப் பார்த்துக்கொண்டு போகிறாள். அங்கே கிடைப்பதோ தொழிற்சாலை வேலை. அவள் முகம் தொங்கிப்போகிறது. ஆள் சேர்க்க எடுத்த படத்திலேயே 'இந்த வேலைக்கு யாரும் ஆசைப்பட்டு வரவில்லை' என்று ஒத்துக்கொண்டது எனக்குப் பிடித்தது.

சின்னச் சின்னக் குறும்பும் உண்டு. ஆரஞ்சு என்றால் என்ன பழம் என்று ஆரம்பத்திலேயே ஒரு விளக்கம் வரும். தட்டுப்பாட்டில் அதைக் கண்ணால் பார்த்தே நாளாகியிருந்த ஜனங்கள் தியேட்டரில் எப்படிச் சிரித்திருப்பார்கள்!

என்னைப் பொறுத்தவரை படத்தின் உயிர் ஃபோர்மேன் சார்லி (எரிக் போர்ட்மன்). வசதியான வீட்டுப் பெண் ஜெனிஃபர் மெஷினில் சொதப்புகிறாள், அவன் திட்டுகிறான், போகப்போக இருவருக்கும் பிடித்துப்போகிறது. வேறு படமாக இருந்தால் உடனே மேளம் கொட்டியிருப்பார்கள். இவன் மறுக்கிறான். போர் இருக்கிறவரை நாம் ஒன்றாக இருக்கிறோம், முடிந்த பிறகும் இப்படியே இருப்போமா, அது தெரியாமல் கல்யாணம் வேண்டாம் என்கிறான். மேலிடத்து ஆட்கள் கஷ்டகாலத்தில் மட்டும் தோளில் கை போடுவதைப் பார்த்துப் பழகியவன் பேச்சு அது. சண்டை இன்னும் முடியாத வருடத்தில் இதைத் துணிந்து வைத்திருக்கிறார்கள்.

(முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.)

சீலியா கல்யாணம் செய்துகொள்வது ஃபிரெட் என்ற விமானப்படைப் பையனை. கார்டன் ஜாக்சன் நடித்திருக்கிறார். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே அவன் குண்டுவீசப் போன இடத்தில் இறந்துவிடுகிறான். அப்புறம் கேன்டீனில் சாப்பாட்டு நேரப் பாட்டுக் கச்சேரி. பாடுவது சோகப் பாட்டுகூட இல்லை, மாப்பிள்ளை வராததால் தேவாலயத்தில் காத்து நிற்கும் மணப்பெண்ணைப் பற்றிய பழைய கேலிப் பாட்டு. சுற்றிலும் எல்லோரும் கத்திப் பாடுகிறார்கள். மேலே குண்டுவீச்சு விமானங்கள் போகிற சத்தம். சீலியா முதலில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். பிறகு மெதுவாக அவள் வாயும் அசைய ஆரம்பிக்கிறது.