11 மாதப் பிள்ளை தவழவும் இல்லை, நடக்கவும் இல்லை. பயப்பட வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு 11 மாதம் முடியப்போகிறது. கதிரையைப் பிடித்து எழும்பி நிற்கிறான். ஆனால் தவழவே இல்லை, நடக்கவும் தொடங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை 10 மாதத்தில் நடந்துவிட்டது. ஒரு வயதுக்குள் என்னென்ன செய்ய வேண்டும்?

பதில்: நான் டொக்டர் இல்லை. திருகோணமலையில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிற அம்மா, அவ்வளவுதான். மூத்தவள் பத்தரை மாதத்தில் நடந்தாள். இளையவன் 15 மாதம் முடிந்துதான் நடந்தான். இரண்டு பேரில் யாருக்காக ஆஸ்பத்திரிக்கு அலைந்திருப்பேன் என்று கேட்டால் எல்லோரும் இளையவனைத்தான் சொல்வார்கள். அலைந்தது மூத்தவளுக்காக. பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன்.

முதலில் உங்கள் மகன். தானாகப் பிடித்து எழும்பி நிற்கிறான் என்றால் 11 மாதத்துக்குக் காலைப் பொறுத்தவரை அது போதும். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நோர்வே, ஓமான், அமெரிக்கா என்று ஐந்து நாடுகளில் 816 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து, 2006இல் ஒரு கணக்கு வெளியிட்டது. எதையும் பிடிக்காமல் நடக்கிற வயது அதில் 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை நீள்கிறது. உங்கள் மகனும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதற்குள்தான் இருக்கிறார்கள். கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே தவழாமல் நடையைப் பிடித்தவர்களும் அந்தக் கணக்கில் நூற்றுக்கு நான்கு பேர் இருந்தார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல், எந்த வயதில் பிள்ளை என்ன செய்யும் என்கிற தன் பட்டியலைத் திருத்தியபோது தவழ்வதை அதிலிருந்து எடுத்தேவிட்டது.

நம்முடைய பழைய ஆட்களும் இந்த விஷயத்தில் அவசரப்பட்டதில்லை. பிள்ளைத்தமிழில் சப்பாணி கொட்டுவதற்கு (கைதட்டுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள்) 9ஆம் மாதம், முத்தத்துக்கு 11ஆம் மாதம், 'வா வா' என்று கூப்பிடுகிற வருகைப் பருவத்துக்கு 13ஆம் மாதம் என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். புலவர்களே 13ஆம் மாதம் வரை பொறுத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு மாமிக்குத்தான் பொறுக்கவில்லை.

என் இளையவனும் தவழவில்லை. இருந்த இருப்பில் ஒரு காலை மடித்து, மற்றக் காலால் உந்தி உந்தி, சீமெந்து நிலத்தில் அரைந்து வருவான். அவனுடைய காற்சட்டை எல்லாம் பின்பக்கம் தேய்ந்து நூலாகிவிட்டது. இப்படி அரைகிற பிள்ளைகள் கொஞ்சம் பிந்தி நடப்பது வழக்கம் என்று அப்போது எனக்குத் தெரியாது. அதனால் கனடாவில் இருக்கிற மாமா காசு அனுப்பி, "ஒரு வோக்கர் வாங்கி விடுங்கோ, ரெண்டு கிழமையில ஓடுவான்" என்றதும் வாங்கிவிட்டோம். மூன்றாம் நாள் வாசற்படியில் வோக்கரோடு தலைகுப்புற விழுந்தான். நல்லகாலம், நெற்றியில் ஒரு புடைப்போடு போயிற்று. வோக்கர் நடையைப் பழக்குவதில்லை, சில பிள்ளைகளுக்குப் பிந்தவும் வைக்கும் என்று பிறகுதான் வாசித்தேன். மாமா இருக்கிற கனடாவிலேயே 2004இலிருந்து அதை விற்கத் தடையாம். அவர் அங்கே கடையில் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது.

அந்தப் புடைப்பு வற்றுவதற்குள் அவனுக்கு முதல் பல் வந்தது. 11 மாதத்தில். அதுவும் பிந்திவிட்டது என்று ஒரு கூட்டம் கவலைப்பட்டது, அதை விடுங்கள். பல்லுக்கொழுக்கட்டை கொட்டினோம். வெள்ளைத் துணி விரித்து, பிள்ளையை நடுவில் இருத்தி, முன்னால் பேனை, புத்தகம், சீப்பு, கண்ணாடி, காசு எல்லாம் வைத்தாயிற்று. அம்மம்மா தலையில் கொழுக்கட்டையைக் கொட்டினா. எல்லோரும் அவன் பேனையை எடுப்பானா, காசை எடுப்பானா என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கிறோம். அவன் மடியில் விழுந்த ஒரு கொழுக்கட்டையைத் தூக்கினான். அதன் விளிம்பில் பல்லுப்போலத் தேங்காய்ச் சொட்டு குத்தியிருக்கும் அல்லவா? அதில் ஒன்றைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் நுள்ளிப் பிடுங்கி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். வாய்க்குள் போவதற்குள் நான் பறித்துவிட்டேன். தொண்டையில் அடைத்திருக்கும்.

எங்கள் ஒழுங்கையில் இளைப்பாறிய மிட்வைஃப் அன்ரி ஒருவர் இருக்கிறார். அவரும் வந்திருந்தார். நான் பறித்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "பிள்ளை, நீ அவன்ர காலைப் பாத்துப் பாத்து அழுறாய். இந்த ரெண்டு விரலையும் பாத்தியா?" என்றார். ஆறேழு மாதத்தில் உள்ளங்கையால் வாரி அள்ளின பிள்ளை, ஒரு வயதை நெருங்கும்போது இரண்டு விரல் நுனியால் ஒரு பருக்கையை எடுக்கும். அதற்குக் கண்ணும் மூளையும் கையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். நிலத்தில் கிடக்கிற எறும்பைக்கூட எடுக்க ஆரம்பித்துவிட்டால் சந்தோஷப்படுங்கள், கூடவே கச்சான் கொட்டையையும் சில்லறையையும் உயரத்தில் தூக்கி வையுங்கள்.

சரி, மூத்தவளின் கதை.

பத்தரை மாதத்தில் நடந்ததால் அவள்தான் அப்போது எங்கள் வீட்டின் பெருமை. வருகிறவர்கள் எல்லோருக்கும் நடந்து காட்டுவாள். எட்டு மாதத்தில் 'பபப', 'மமம' என்று ஓயாமல் கதைத்தவள், தொடர்ந்து இரண்டு மூன்று தடிமன் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அமைதியாகிவிட்டாள். அதை நாங்கள் கவனிக்கவில்லை. "அவளுக்கு நடக்கிற அவசரம், கதைக்க எங்க நேரம்" என்று மாமி சொன்னா, நாங்களும் சிரித்தோம். 12 மாதத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசிக்குக் கிளினிக்குக் கொண்டுபோனபோது, அங்கிருந்த மிட்வைஃப் மிஸ் அவளுக்குப் பின்னால் நின்று பெயரைச் சொல்லி மெல்லக் கூப்பிட்டார். திரும்பவில்லை. இன்னொரு தரம். திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து நாங்கள் சில்வர் தட்டைத் தட்டிப் பார்த்தோம். திரும்பினாள். "பாத்தியா, காது நல்லாக் கேக்குது" என்று இவர் சொன்னார். அந்தச் சோதனையை நம்பாதீர்கள். பெரிய சத்தம் கேட்கும், மெல்லிய பேச்சுக் கேட்காது என்ற நிலையும் இருக்கிறது. காது மூக்குத் தொண்டை டொக்டர் பார்த்துவிட்டு, தடிமனுக்குப் பிறகு நடுக்காதில் நீர் தேங்கியிருக்கிறது, மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்றார். அதற்குள் தானாகவே வற்றிவிட்டது. வற்றிய கிழமையே கோழி கூவினாலும் திரும்பினாள், குக்கர் விசிலுக்கும் திரும்பினாள். மூன்று மாதம் நான் பட்ட பாட்டை எழுத இந்தத் தளம் போதாது.

அதனால்தான் சொல்கிறேன், ஒரு வயதை ஒட்டி நான் பார்க்கச் சொல்வது வேறு விஷயங்களை. பின்னாலிருந்து பெயர் சொன்னால் திரும்புகிறானா? தனக்குள் ஏதாவது பிதற்றிக்கொண்டு இருக்கிறானா? "டாட்டா" காட்டுவது, கைகொட்டுவது, தூக்கச் சொல்லிக் கையை நீட்டுவது என்று ஏதாவது சைகை இருக்கிறதா? பந்தைத் துணிக்குள் ஒளித்தால் துணியை விலக்கித் தேடுகிறானா? "வேண்டாம்" என்றால் ஒரு கணமாவது நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? (பார்த்துவிட்டு மறுபடி அதையே செய்வான், அது வேறு.) 'அம்மா', 'அப்பா' என்று ஆளைத் தெரிந்து சொன்னால் நல்லது. ஒரு சொல்கூட இல்லாவிட்டாலும் மற்றதெல்லாம் இருந்தால் நான் கொஞ்சம் பொறுப்பேன்.

பொறுக்காமல் காட்ட வேண்டியவையும் உண்டு. ஒரு வயது முடிந்தும் பிடித்துக்கூட நிற்காவிட்டால், சைகையோ பிதற்றலோ எதுவுமே இல்லாவிட்டால், ஒரு கையை மட்டுமே பாவித்து மற்றக் கையைச் சும்மா விட்டால், உடம்பு எப்போதும் விறைப்பாகவோ துவண்டோ இருந்தால், 18 மாதத்திலும் நடக்காவிட்டால். எல்லாவற்றையும்விட முக்கியம், முன்பு செய்ததை இப்போது செய்யாமல் விட்டால். அது எந்த வயதிலென்றாலும் அடுத்த கிளினிக் நாள் வரை வைத்திருக்காதீர்கள். பிள்ளை மாதம் முந்திப் பிறந்திருந்தால், பிறக்க வேண்டிய திகதியிலிருந்து வயதை எண்ணுங்கள். இரண்டு மாதம் முந்திப் பிறந்த 11 மாதப் பிள்ளையை 9 மாதமாக வைத்துத்தான் பார்க்க வேண்டும். நிறையைக் கிளினிக் கொப்பியே சொல்லிவிடும், பிறந்த நிறையின் மூன்று மடங்கு அளவில் இருந்தால் போதும்.

இளையவனுக்குப் பன்னிரண்டரை மாதம் இருக்கும்போது கோணேசர் கோயிலுக்குப் போனோம். கோட்டை வாசலைத் தாண்டினால் மரநிழலில் மான்கள் நிற்கும், தெரியும்தானே. யாரோ ஒரு அம்மா வாழைப்பழத் தோல் கொடுத்துக்கொண்டிருந்தா. இவருடைய கையில் இருந்தவன் சுட்டுவிரலை நீட்டி "ஆ!" என்றான். அதோடு நிற்கவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தான், மறுபடி மானைப் பார்த்தான், மறுபடி என்னை. அவனுக்கு மான் வேண்டியிருக்கவில்லை. நானும் அதைப் பார்க்கிறேனா என்று தெரிய வேண்டியிருந்தது. "ஓம் குஞ்சு, மான்" என்றதும்தான் விரல் இறங்கியது. அதற்குப் பிறகும் மூன்று மாதம் நடக்கவில்லை, ஆனால் அன்றோடு எனக்கு அந்தப் பயம் விட்டுவிட்டது.

உங்கள் கேள்வியில் காலைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். கூப்பிட்டால் திரும்புகிறானா, விரல் நீட்டி எதையாவது காட்டுகிறானா? அதையும் எழுதுங்கள்.