சவுண்ட்பாருக்கு 4,000 ரூபாய் கேபிள் தேவையா?

கேள்வி: வீட்டில் ஐந்து வருடப் பழைய டிவி, டிடிஎச் பாக்ஸ். போன மாதம் சவுண்ட்பார் வாங்கினோம். எச்டிஎம்ஐ கேபிள் போட்டால் அதில் சத்தமே இல்லை. ப்ளூடூத்தில் சத்தம் வருகிறது, ஆனால் வாய் அசைந்த பிறகுதான் பேச்சு கேட்கிறது. "4,000 ரூபாய் கேபிள் போட்டால் சரியாகிவிடும்" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? – ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: வாங்காதீர்கள். எச்டிஎம்ஐ கேபிளில் போவது டிஜிட்டல் சிக்னல். ஒன்று ஒழுங்காகப் போய்ச் சேரும்; இல்லையென்றால் படமும் ஒலியும் வெட்டி வெட்டி வரும். தங்க முலாம் பூசினால் ஒலி இனிக்காது. லாபம் டிவியில் குறைவு, கேபிளில்தான் அதிகம். அதனால்தான் இந்த அக்கறை.

சரி, கோளாறு எங்கே? டிவியின் பின்னால் போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று எச்டிஎம்ஐ துளைகள் இருக்கும். எல்லாமே ஒலியை உள்ளே வாங்கும். வெளியே அனுப்புவது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். அதன் அருகில் பொடி எழுத்தில் ஏஆர்சி என்றோ ஈஏஆர்சி என்றோ அச்சடித்திருக்கும். பல வீடுகளில், மாட்ட வந்த தம்பி கைக்கு எட்டிய அந்தத் துளையிலேயே டிடிஎச் பாக்ஸைச் செருகிவிட்டுப் போயிருப்பார். பாக்ஸை வேறு துளைக்கு மாற்றிவிட்டு, சவுண்ட்பாரை இதில் செருகுங்கள். சவுண்ட்பாரில் இரண்டு துளை இருந்தால் 'அவுட்' என்று போட்டிருப்பதுதான் டிவிக்கு.

அப்புறம் டிவி செட்டிங்ஸில், டிவியும் சவுண்ட்பாரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் சிஇசி என்ற வசதியை ஆன் செய்ய வேண்டும். ஆனால் அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காமல் போகலாம். சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். ஒரே வசதிக்கு ஆளுக்கொரு ஞானஸ்நானம்! இத்தனை வருடத்தில் ஒரு பொதுப் பெயருக்கு இவர்களால் ஒத்துப்போக முடியவில்லை, அலைவது நாம். கடைசியாக, ஒலி வெளியீட்டை ஏஆர்சி என்று மாற்றி, டிவி, சவுண்ட்பார் இரண்டின் கரண்ட் பிளக்கையும் பிடுங்கி இரண்டு நிமிடம் கழித்துச் செருகுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்காதீர்கள், பிடுங்குங்கள்.

ப்ளூடூத்தை விட்டுவிடுங்கள். ஒலியைச் சுருக்கி அனுப்பி மறுபடி விரிக்க நேரமாகும். அதனால்தான் உதடு முந்துகிறது. பாட்டுக்குச் சரி, சீரியலுக்கு ஆகாது.

எந்தத் துளையிலும் ஏஆர்சி என்று எழுதவில்லையா? அப்படியானால் ஒலியை வெளிச்சமாக அனுப்பும் ஆப்டிகல் கேபிள்தான் வழி. சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். சவுண்ட்பார் அட்டைப் பெட்டியின் தெர்மாகோலுக்கு அடியிலும் பாருங்கள், சில கம்பெனிகள் உள்ளேயே வைத்து அனுப்புகின்றன. அதன் இரண்டு நுனியிலும் குண்டுமணி அளவில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் செருகிவிட்டு "கேபிள் போச்சு" என்பவர்கள் ஏராளம். டிவி ஓடும்போது மறுநுனியில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் கேபிள் நன்றாக இருக்கிறது. சவுண்ட்பார் ரிமோட்டில் ஆப்டிகலைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று மட்டும் மனதில் வையுங்கள்: ஆப்டிகலில் டிவி ரிமோட்டால் சவுண்ட்பாரின் ஒலியைக் கூட்டிக் குறைக்க முடியாமல் போகலாம், அதற்கு அதன் சொந்த ரிமோட்தான்.

போன வருடம் ஒரு வீட்டில் இதே பிரச்சினைக்கு 'ஸ்ப்ளிட்டர்' என்று ஒரு டப்பாவை 1,500 ரூபாய்க்குத் தலையில் கட்டியிருந்தார்கள். அதைக் கழற்றி எறிந்த பிறகுதான் சத்தமே வந்தது.

எல்லாம் செய்தும் மௌனம்தான் என்றால், டிவியின் ஒலி மெனுவில் டிஜிட்டல் அவுட்புட்டை பிசிஎம் (ஒலியைச் சுருக்காமல் அனுப்பும் முறை) என்று மாற்றிப் பாருங்கள். அதற்கும் பேசவில்லையா? பில்லோடு சவுண்ட்பாரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், அவர்கள் டிவியில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், அதே சாதாரண கேபிளில்.