மும்பைத் தமிழர் பேச்சில் 'சிந்தி' என்றால் கஞ்சனா?

மும்பை நண்பர்கள் ஆளுக்கு ஆள் 'சிந்தி' என்று திட்டிக்கொள்கிறார்களே, கஞ்சன் என்று அர்த்தமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் கஞ்சனைவிட ஒரு படி கீழே.

முதலில் உச்சரிப்பு. முதல் எழுத்தை 'பச்சை'யில் வருகிற 'ச்ச' ஒலியோடு சொல்ல வேண்டும். பிரிவினையின்போது சிந்து மாகாணத்திலிருந்து வந்து மும்பைக்கு அருகே உல்லாஸ்நகரில் குடியேறிய சிந்தி மக்களுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோல ஆகிவிடுவதுதான் தொல்லை. ஊரிலிருந்து வந்திருந்த மாமா, என் அறைத் தோழனை நான் இப்படிச் சொன்னதைக் கேட்டு, "ஏல, அவன் தென்காசிப் பையன்னுல்லா சொன்ன?" என்று விழித்தார்.

மராத்தியிலும் இந்தியிலும் இதற்குக் கந்தல், துணித்துண்டு என்று பொருள். தாராவியில் தையல் பட்டறைகள் உள்ள சந்துகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள், மெஷின் துடைக்க எடைக்குப் போகும். அதைக்கூட விடாமல் திருடுகிறவன் 'சிந்திச்சோர்'. அற்பத்தனத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

கஞ்சனுக்குக் காசை வெளியே எடுக்கவே மனம் வராது. எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன் என்போமே, அவன்தான். இந்தியில் இன்னும் மோசம்: 'மக்கிசூஸ்', அதாவது விழுந்த ஈயையும் சப்பிவிட்டு எறிகிறவன். சிந்தி அப்படியில்லை. பெரிய செலவெல்லாம் செய்வான், சில்லறையில் மானத்தை வாங்குவான். மும்பையில் 'கட்டிங்' டீ என்பதே அரை கிளாஸ்தான். புது பைக் வாங்கிய மறுநாள் என் தோழன் ஒரே ஒரு கட்டிங் சொல்லி, காலி கிளாஸ் ஒன்று கேட்டு வாங்கி, அதில் பாதியை எனக்கு ஊற்றினான். சரி, நட்புதானே என்று குடித்தேன். அறைக்கு வருவதற்குள் ஆறு ரூபாய் கேட்டு ஜிபேயில் ரிக்வெஸ்ட்!

"சிந்திகிரி பண்ணாதல" என்று சொல்வோம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல்தான். மட்டமான பொருளுக்கும் வரும்: சிந்தி செருப்பு, சிந்தி சார்ஜர். ஆனால் பழகியவர்களிடம் மட்டும் சொல்லுங்கள். 'கஞ்சூஸ்' என்றால் பலர் சிரித்துவிட்டுப் போவார்கள், சிலருக்கு உள்ளூரப் பெருமைகூட. 'சிந்தி' என்றால் சட்டையைப் பிடிப்பார்கள்.

என் தோழன் இப்போது என்னைத்தான் அப்படிக் கூப்பிடுகிறான். அந்த ஆறு ரூபாயை நான் இன்னும் அனுப்பவில்லை.