எந்த ஏரிக்கு எந்த மீன்?

அன்புள்ள ஐயா,

தருமபுரி மாவட்டத்தில், சின்னாற்றுப் பக்கம் எங்கள் ஊர். நாங்கள் எட்டுப் பேர் தூண்டில் போடுகிறவர்கள். குழம்புக்காக இல்லை, பொழுதுக்காக. பிடித்ததைப் பெரும்பாலும் திரும்ப விட்டுவிடுவோம். சில வருடமாக வறண்டு கிடந்த எங்கள் ஏரி இந்த முறை நிரம்பிவிட்டது. ஊராட்சியில் பேசி, மீன்குஞ்சு விட்டு, வெளியூர்க்காரர்கள் கட்டணம் கட்டித் தூண்டில் போடும் இடமாக அதை மாற்றலாம் என்று ஒரு யோசனை. பெங்களூரிலிருந்து ஆள் வருவார்கள். கட்லா, ரோகு, மகசீர் என்று நாட்டு மீன் ஒரு பங்கு, நல்ல இழுவை இருக்கும் ரூப்சந்த் மாதிரி வெளிநாட்டு மீன் ஒரு பங்கு என்று திட்டம். எங்களில் ஒருவன் மட்டும் வெளிநாட்டு மீனே கூடாது என்கிறான். ஊட்டியில் வெள்ளைக்காரன் டிரவுட் விட்டு நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, அங்கே என்ன கெட்டுப்போயிற்று என்று மற்றவர்கள் கேட்கிறோம். ஆற்று மீன்களைப் பற்றி எழுதிவருகிறவர் என்பதால் உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது.

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

வெளிநாட்டு மீன் கூடாது என்று சொல்லும் அந்த நண்பருக்கு முதலில் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆனால் அவர் சொல்வதும் பாதிதான் போகிறது. நீங்கள் ‘நாட்டு மீன்’ என்று எழுதியிருக்கிற பட்டியலைத்தான் நான் அதிகக் கவலையோடு படித்தேன்.

கட்லாவும் ரோகுவும் வடக்கத்தி மீன்கள். கங்கைச் சமவெளி அவற்றின் வீடு. காவிரியில் அவை தானாக இருந்ததில்லை, சென்ற நூற்றாண்டில் கொண்டுவந்து விடப்பட்டவை. இன்று மீன்கடையில் தோப்பா மீன் என்று கேட்டு வாங்கும் அளவுக்குக் கட்லா நம்முடையதாகிவிட்டது. ஏற்கெனவே குத்தகைக்காரர்கள் விட்டு ஊரெல்லாம் நிறைந்துவிட்ட மீன் அது. அதற்காக உங்களோடு சண்டை போடப் போவதில்லை. மகசீர் விஷயம் அப்படி இல்லை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்த கதை.

காவிரிக்கு என்று ஒரு மகசீர் உண்டு. தலைக்குப் பின்னால் முதுகு திமில் போல மேடாக எழும்பியிருக்கும், துடுப்புகள் ஆரஞ்சு நிறம். உலகத்தில் காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் தவிர வேறெங்கும் கிடையாது. 1946இல் கபினியில் மைசூரின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் தூண்டிலில் பிடித்த மகசீர் 120 பவுண்டு, நம் கணக்கில் 54 கிலோ. அந்தப் பெயரைக் கேட்டுத்தான் மேகதாட்டுக்கு மேலே கலிபோரே போன்ற முகாம்களுக்கு உலகெங்கிலும் இருந்து தூண்டில்காரர்கள் வந்தார்கள்.

1970களில் தொடங்கி அந்த ஆற்றில் மகசீர்க் குஞ்சுகளை விட்டார்கள். தண்ணீரில் வெடித் தோட்டா போட்டு மீன் பிடித்த காலம் அது. ஆறு காலியாகிவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. குஞ்சுகள் மகாராஷ்டிரத்து லோனாவ்லாவில் ஒரு பொரிப்பகத்திலிருந்து வந்தன. அவையும் மகசீர்தான், இந்திய மீன்தான். ஆனால் கிருஷ்ணை வடிநிலத்து மகசீர். துடுப்பு நீலமாக இருக்கும். விட்டவர்களுக்கு மகசீர் என்றால் மகசீர், அவ்வளவுதான்.

பிறகு நடந்ததைக் கண்டுபிடித்துக் கொடுத்ததே தூண்டில்காரர்களின் நோட்டுப் புத்தகம்தான். கலிபோரேயில் 1998 முதல் 2012 வரை யார் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், என்ன எடையில் எத்தனை மீன் பிடித்துத் திரும்ப விட்டார்கள் என்று எழுதி வைத்திருந்தார்கள். 6,000க்கும் மேற்பட்ட மகசீர்கள். மொத்தக் கணக்கைப் பார்த்தால் மகிழ்ச்சியாக இருக்கும்: ஆண்டுக்கு ஆண்டு மீன் கூடிக்கொண்டே போகிறது. நீலத்துடுப்பு தனி, ஆரஞ்சுத்துடுப்பு தனி என்று பிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கூடியதெல்லாம் நீலம். ஆரஞ்சு வருடா வருடம் குறைந்தது. பிடிபட்ட ஒன்றிரண்டும் கிழட்டுப் பெரிய மீன்கள். குஞ்சும் இல்லை, இளசும் இல்லை. வீட்டில் தாத்தா பாட்டி மட்டும் உட்கார்ந்திருக்க, பிள்ளை பேரன் ஒருவரும் இல்லாத நிலை.

இன்னொரு கொடுமையும் சொல்கிறேன். உலகத்துக்கே தெரிந்த அந்த மீனுக்கு 2018 வரை ஒரு அறிவியல் பெயர் உறுதியாகவில்லை. கேரளத்தில் பாம்பாற்றில் ஏற்கெனவே விவரிக்கப்பட்ட ஒரு மகசீரும் இதுவும் ஒன்றே என்று அந்த ஆண்டு காட்டினார்கள். பாம்பாறு நம் அமராவதிக்குத் தண்ணீர் தருகிற ஆறு, ஆகவே அதுவும் காவிரிக் குடும்பம்தான். பெயர் டோர் ரெமதேவி. சென்னை விலங்கியல் ஆய்வு மையத்தில் மீன்களை ஆராய்ந்த ரெமாதேவி அம்மையாரைச் சிறப்பித்து வைத்தது. பெயர் உறுதியான அதே ஆண்டில் அது மிக அருகிப்போன இனமாக அறிவிக்கப்பட்டது. அணை, மணல் அள்ளுதல், தோட்டா என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் குஞ்சு இருக்க வேண்டிய இடத்தையும் இரையையும் எடுத்துக்கொண்டதாகச் சந்தேகிக்கப்படுவது, நாமே மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து விட்ட அதன் பங்காளி.

இப்போது உங்கள் ஏரிக்கு வாருங்கள். மகசீர் ஓடுகிற தண்ணீர் மீன். கூழாங்கல் தரையும் பாயும் நீரும் இல்லாமல் அது இனம் பெருக்காது. ஏரியில் விட்டால் இருக்கும் வரை இருக்கும். அதோடு முடிந்தால் பரவாயில்லை. உங்கள் ஏரிக்கு, நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிகிற கலங்கல் இருக்கிறது அல்லவா? ஐப்பசி, கார்த்திகையில் கலங்கல் போனால் தண்ணீர் அடுத்த ஏரிக்கு, அங்கிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து சின்னாற்றுக்கு. சின்னாறு போய்ச் சேருவது ஒகேனக்கல் பக்கம் காவிரியில். காவிரியின் சொந்த மகசீர் மிச்சமிருந்தால் அது இருக்க வேண்டிய தண்ணீர் அது. சந்தையில் மகசீர் என்று எந்தப் பொரிப்பகத்துக் குஞ்சு கிடைத்தாலும் வாங்காதீர்கள். விரல் நீளக் குஞ்சை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து அது எந்த ஆற்றுப் பிள்ளை என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

ரூப்சந்த் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தென் அமெரிக்க மீன், வேண்டாம். 2018 வெள்ளத்தில் கேரளத்தில் பண்ணைகள் உடைந்து, அமேசானின் அரபைமா என்ற பெரிய மீன் அங்குள்ள ஆற்று வலைகளில் வந்து விழுந்தது. கரை கட்டிய பண்ணைக் குளமே அப்படி என்றால், கலங்கல் வைத்துக் கட்டிய ஏரி எம்மாத்திரம்? ஜிலேபிக் கெண்டையை 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். தாய் முட்டையை வாயிலேயே வைத்துக் காக்கும் மீன் அது. இன்று எந்த ஏரியில் அது இல்லை? அதைத் திரும்ப எடுக்க யாராலும் முடியவில்லை.

ஊட்டி டிரவுட்டுக்கு வருகிறேன். 1860களில் பிரான்சிஸ் டே என்ற ஆங்கிலேய மீன் ஆராய்ச்சியாளர் முயன்று தோற்றார். 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்த பிறகு வில்சன் என்ற அதிகாரியின் முயற்சியில் வட அமெரிக்க வானவில் டிரவுட் நிலைத்தது. குளிர்ந்த மேட்டு ஓடை தாண்டி அதால் வாழ முடியாது, அதனால் சமவெளிக்கு இறங்கி நம் ஆறுகளை நிரப்பவில்லை. இந்த ஒரு விதத்தில் நாம் தப்பித்தோம். மேலே என்ன கெட்டது என்று கேட்கிறீர்கள். அதற்குக் கலிபோர்னியாவின் சியாரா நெவாடா மலையைப் பார்க்கலாம். அங்கே உச்சி ஏரிகள் அநேகமாக எல்லாமே இயற்கையில் மீன் இல்லாதவை. தூண்டில்காரர்களுக்காக டிரவுட் விட்டார்கள், பிற்பாடு விமானத்திலிருந்தே கொட்டினார்கள். அந்த ஏரிகளில் ஒரு மஞ்சள் கால் தவளை உண்டு. அதன் தலைப்பிரட்டை தவளையாக இரண்டு மூன்று வருடம் ஆகும். அத்தனை காலமும் தண்ணீரிலேயே கிடக்க வேண்டும், அதாவது டிரவுட்டின் வாய்க்கு எதிரே. தவளை ஏரி ஏரியாக மறைந்தது. 1990களின் கடைசியில் சில ஏரிகளில் வலை போட்டு டிரவுட்டை ஒன்று விடாமல் எடுத்தார்கள். சில வருடங்களிலேயே தவளைகள் பெருகின. சிறிய மலை ஏரி என்பதால் அது முடிந்தது. அதில்கூட எத்தனை நாள் வலை இழுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

‘அப்போது எங்கள் ஏரியில் தூண்டிலே போடக் கூடாதா?’ என்று கோபப்படாதீர்கள். தாராளமாகப் போடுங்கள். தூண்டில்காரர் காவல் இருக்கிற தண்ணீரில் தோட்டா போட எவனும் துணிவதில்லை. காவிரி முகாம்களில் அதுதான் நடந்தது. ஆனால் உங்களுக்கு வேண்டிய மீன் ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

விராலைச் சொல்கிறேன். விடியற்காலை வெயில் ஏறுமுன் கோரையோரமாகத் தவளைப் பொம்மையைத் தட்டித் தட்டி இழுத்து, ‘டப்’ என்று தண்ணீர் உடைவதைக் கேட்டிருப்பீர்கள். அதைவிடப் பெரிய இழுவை எந்த அமேசான் மீனில் இருக்கிறது? ஒன்றை மட்டும் கவனியுங்கள். தண்ணீர் மேலே செம்மஞ்சளாகக் கொப்பளிக்கிற மாதிரி ஒரு திரள் தெரிந்தால் அது விரால் குஞ்சுகள். மூச்சு வாங்க மேலே வந்து வந்து போகும். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அங்கே பொம்மையை வீசினால் கண்டிப்பாகப் பாயும், பசியில் இல்லை, குஞ்சைக் காப்பாற்ற. அந்த மீனை நீங்கள் கையில் பிடித்துப் படம் எடுக்கிற இரண்டு நிமிடத்துக்குள் ஜிலேபியும் கெளுத்தியும் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். சிறு வயதில் நான் அப்படி ஒரு விராலைப் பிடித்திருக்கிறேன். கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அந்தச் செம்மஞ்சள் திரள் இருந்த இடம் வெறும் தண்ணீராக இருந்தது. இந்த வயதிலும் அது கண்ணுக்குள் நிற்கிறது. குஞ்சுத் திரள் உள்ள இடத்தில் தூண்டில் கிடையாது என்று கட்டணச் சீட்டிலேயே அச்சடியுங்கள்.

வறண்டு போய் நிரம்பிய ஏரி என்பதால் குஞ்சு விட்டே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது, புரிகிறது. ஒரு மழைக்காலம் பொறுங்கள். கலங்கலுக்குக் கீழே போய் நில்லுங்கள். புதுவெள்ளத்தை எதிர்த்துக் கெண்டையும் கெளுத்தியும் ஆராலும் ஏறி வரும். வலையோ மீன்பொறியோ அங்கே யாரும் கட்டாமல் பார்த்துக்கொண்டால் ஏரி தன்னையே நிரப்பிக்கொள்ளும். அதற்குப் பிறகும் குறைவாக இருந்தால், அரசு மீன் பண்ணையில் சேல் கெண்டை போன்ற காவிரி இனத்துக் குஞ்சு கேளுங்கள். எந்த ஆற்றுத் தாய்மீனிலிருந்து எடுத்தது என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

கையோடு ஒரு நோட்டும் போடுங்கள். தேதி, எத்தனை மணி நேரம், என்ன மீன், என்ன எடை. மீன் என்று மொத்தமாக எழுதாமல் விரால், குறவை, உளுவை என்று பெயர் பெயராக. முதல் கலங்கல் போகிற அன்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், எந்தெந்த மீன் ஏறுகிறது என்று எண்ண நானும் வந்து நிற்கிறேன்.

அன்புடன்