பக்தியாக வாழ்ந்தால் ஆயுள் கூடுமா? உங்கள் குடும்பத்தில் அப்படி நீண்ட காலம் வாழ்ந்தவர் யாராவது உண்டா?

எங்கள் தாத்தா இருந்தார். 94 வயது. லுத்தரன் கிறிஸ்தவர், நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டம் செய்தவர், ஏழு பிள்ளைகளுக்குத் தகப்பன். காலை ஜெபமும் இரவு ஜெபமும் தவறியதில்லை. கடைசிக் காலத்தைக் கொழும்பில் எங்களோடு கொட்டாஞ்சேனையில் கழித்தார். ஆக, கேள்விக்கு "ஆம்" என்று எழுத எனக்கு எல்லா வசதியும் இருக்கிறது. ஆனால் அப்படி எழுதினால் அவருக்கே கோபம் வரும்.

முதலில் லுத்தரன் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன், கொழும்பில் எப்போதும் அதைச் சொல்ல வேண்டியிருக்கும். பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் சபையைச் சீர்திருத்திய மார்ட்டின் லுத்தரின் வழியில் வந்த புரொட்டஸ்தாந்துக்காரர்கள் நாங்கள். "லுத்தரன்" என்றால், பக்கத்து வீட்டு ஆன்ட்டி "ஓ, வுல்வெண்டால் சேர்ச்சா?" என்பார். அது 1757இல் திறந்த ஒல்லாந்தர் கோயில், கல்வின் என்ற வேறொரு சீர்திருத்தக்காரரின் வழியில் வந்த சபை. எங்கள் வழி தரங்கம்பாடி. 1706 ஜூலையில் ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு அங்கே வந்து இறங்கினாரே, அந்த வழி. தாத்தாவின் அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருந்து தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் ஒரு கங்காணியோடு கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கை மலையகத்துக்கு வந்தவர். தகரப் பெட்டியில் ஒரு வேட்டி, ஒரு போர்வை, விசுவாசத்தைச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுக்கும் லுத்தரின் சிறிய ஞானோபதேசம், இவ்வளவுதான் கொண்டுவந்தாராம். அந்தப் புத்தகம் அட்டை போய், மூலை கறுத்து, தாத்தாவின் கைக்கு வந்தது.

மலையில் அவர்களுக்கு லுத்தரன் போதகர் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலிக்கன் ஆலயத்துக்குத்தான் போவார்கள். போனாலும் தாத்தா சும்மா இருக்க மாட்டார். "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்பது அங்கே ஐந்தாம் கட்டளை, லுத்தரன் எண்ணிக்கையில் நான்காம் கட்டளை. விக்கிரகம் பற்றியதை லுத்தர் தனியாக எண்ணுவதில்லை என்பதால் வந்த வித்தியாசம் இது. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் "ஐந்து" என்று படித்துவிட்டு வருவார்கள், வீட்டில் "நாலு" என்று திருத்துவார். உபதேசியாரும் அவரும் வருடக்கணக்காக இதற்குச் சண்டை போட்டார்கள். இரண்டு பேரும் நல்ல சிநேகிதர்கள் என்பது வேறு விஷயம்.

அவருடைய பக்தி எப்படிப்பட்டது என்றால், வேலை சம்பந்தப்பட்டது. அந்த ஞானோபதேசம் 1529இல் குடும்பத் தலைவர்களுக்காக எழுதப்பட்டது. காலையில் எழுந்து ஜெபம் பண்ணு, பிறகு ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு சந்தோஷமாக வேலைக்குப் போ என்று அதில் இருக்கிறது. இரவு ஜெபத்துக்குப் பிறகு உடனே நிம்மதியாகத் தூங்கு என்றும் இருக்கிறது. தாத்தா இரண்டையும் அப்படியே செய்தார். சுருதியே சேராத குரலில் பாடிக்கொண்டு மண்வெட்டியைத் தோளில் வைத்துப் போவார். இரவு ஆமென் சொல்லி முடிக்கும்போதே குறட்டை தொடங்கிவிடும் என்று பாட்டி சிரிப்பார். ஜெபக் கூட்டத்துக்கென்று வயலை விட்டுப் போனதாக யாரும் சொன்னதில்லை. கோவாக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய நேரத்தில் ஊற்றுவதும் ஊழியம்தான் என்பது அவர் கட்சி. குருவானவர் வேலை உயர்வு, கமக்காரன் வேலை தாழ்வு என்று லுத்தர் பிரிக்கவில்லை என்பார்.

தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்றவர்தான் அவரும். பிறகு ஒரு சிங்கள ஐயாவின் காணியை வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு எடுத்தார். உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட், கோவா. காகிதத்தில் எழுத வழியில்லை, ஏனென்றால் அவருக்கு நாடே இல்லை. 1928இல் இங்கே பிறந்தவர். மலையகத் தமிழரில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது அவருக்கு இருபது வயது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இந்த மக்களைப் பிரித்துக்கொள்ளக் கையெழுத்துப் போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பது. தாத்தா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தார், அவருடைய தம்பி இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். தம்பி குடும்பம் தலைமன்னார் வழியாகக் கப்பலேறி நீலகிரியில் உள்ள கோத்தகிரிக்குப் போய்ச் சேர்ந்தது. அண்ணனும் தம்பியும் மறுபடி ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை.

"எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று இயேசு கற்பித்த ஜெபத்தில் வரும் விண்ணப்பத்துக்கு, அந்த ஞானோபதேசத்தில் லுத்தர் கொடுத்த விளக்கத்தில் ஒரு நீண்ட பட்டியல் வரும். சாப்பாடு, உடுப்பு, வீடு, வயல், மாடு, நல்ல மனைவி, நல்ல பிள்ளைகள், நல்ல அரசாங்கம், நல்ல காலநிலை, சமாதானம், நல்ல அயலார், எல்லாம் அந்த ஆகாரத்துக்குள் அடக்கம். இரவு ஜெபத்தில் எங்கள் அம்மா, மாமா எல்லோரும் இதை ஒப்புவிக்க வேண்டும். "நல்ல அரசாங்கம்" என்ற இடம் வந்ததும் தாத்தா தொண்டையைச் செருமுவாராம். பிரஜாவுரிமைக் கடிதம் கைக்கு வந்த பிறகும் செருமினாராம். "நல்ல அயலார்" என்பதற்கு அவரிடம் ஆள் இருந்தது. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரம் நடந்தபோது குத்தகைக் காணி ஐயாவும் அவருடைய மகனும் எங்கள் ஆட்களைத் தங்கள் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

1970களைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். சிறிமா அரசாங்கம் உருளைக்கிழங்கு இறக்குமதியை நிறுத்தியிருந்ததால் நல்ல விலை. அவர் கையில் முதல் தடவையாகக் கொஞ்சம் காசு நின்றதும் அப்போதுதான். அதே 1973, 74இல்தான் தோட்டங்களில் மாவும் அரிசியும் இல்லாமல் சனம் பட்டினி கிடந்து செத்தது. அவருடைய சொந்தக்காரர்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தார்கள். சனிக்கிழமை இரவு சாக்கைத் தலையில் வைத்து நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருவாராம். யாராவது "கடவுள் உங்களை ஆசீர்வதிச்சிருக்காரு" என்று சொன்னால் முகம் மாறிவிடும். "அப்ப லயத்துல இருக்கிறவனை?" என்று கேட்பாராம்.

ஏழு பிள்ளைகள் என்றேன். பெரியவர்களானது ஆறு பேர். மூன்றாவது பெண் குழந்தை இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். மழை நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாட்டியும் தாத்தாவும் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு நடந்திருக்கிறார்கள். வழி முழுக்க இரண்டு பேரும் ஜெபம் பண்ணியிருக்கிறார்கள். ஆயுள் பற்றிய அவருடைய எண்ணமெல்லாம் அங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன்.

2018இல் கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய மண்டபம் எடுத்து அவருடைய 90ஆவது பிறந்தநாளை வைத்தோம். சொந்தத்தில் ஒரு பாஸ்டர், வேறு சபைக்காரர், எழுந்து 91ஆம் சங்கீதத்தை எடுத்தார். "நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி" என்று வருமே, அது. ஜெபம் பண்ணினார், ஆகவே கர்த்தர் நாட்களைக் கூட்டிக் கொடுத்தார் என்று அரைமணி நேரம் பேசினார். நன்றி சொல்ல மைக்கைத் தாத்தாவிடம் கொடுத்தோம். "பாஸ்டர் தம்பி, எனக்கு ரெண்டு வயசுல ஒரு புள்ள செத்துச்சு. அது ஜெபம் பண்ணலையா, நான் பண்ணலையா?" என்று கேட்டார். மண்டபம் அமைதியாகிவிட்டது. அவர் அதே குரலில், "சோறு ஆறுது, எல்லாரும் சாப்பிடுங்க" என்று முடித்தார்.

பிறகு நான் அவரிடம் இதைக் கேட்டேன். பதிலாக அந்த அட்டையில்லாப் புத்தகத்தைத்தான் காட்டினார். ஆகாரத்தைப் பற்றிய அதே விளக்கத்தில், நாம் கேட்காவிட்டாலும் கெட்டவர்களுக்கும்கூடக் கடவுள் அதைக் கொடுக்கிறார், அதை உணர்ந்து நன்றியோடு வாங்கிக்கொள்ளத்தான் ஜெபம் பண்ணுகிறோம் என்று இருக்கிறது. "மழை எல்லார் காணியிலயும்தான பெய்யுது பாப்பா" என்றார். 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது நாங்கள் பக்கத்திலேயே இருந்தோம். வீட்டுக்கு வந்தவர்கள் "கடவுள் உங்களைக் காப்பாத்திட்டாரு" என்றபோது, "அங்க செத்தவங்களும் கும்பிடத்தான் போனாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

கொழும்பு அவருக்குச் சரிப்படவில்லை. வெக்கை, சத்தம், மண் இல்லாத வீடு. பால்கனியில் பெயின்ட் வாளிகளில் மிளகாயும் ரம்பையும் வைத்தார். தமிழ்நாட்டில் இருந்து வேலைக்கு வந்த லுத்தரன்களை வைத்துத் தொடங்கிய சபை கொழும்பில் இருப்பதால், ஒருவழியாகச் சொந்தச் சபை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை த்ரீவீலரில் போய் முதல் வாங்கில் உட்காருவார். நான்காம் கட்டளை அங்கே நான்காம் கட்டளையாகவே இருந்ததில் அவருக்குப் பெரிய திருப்தி. 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியதே, அப்போது மாமாவுக்கு ஒரு நாளைக்குப் பல தடவை போன் போடுவார். கிழங்கு கருகியதை வீடியோவில் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தார். நவம்பரில் தடையை எடுத்ததும், "இவனுகளுக்காகவும்தான் ஜெபம் பண்ணச் சொல்லியிருக்கு, என்னா செய்ய" என்றார்.

2022 கடைசியில், தூக்கத்தில் போனார். தன்னைப் புகழ்ந்து பேசக்கூடாது, பிரசங்கம் கிருபையைப் பற்றி மட்டும் இருக்க வேண்டும், பாடுவதற்கு இந்த மூன்று பாட்டு என்று துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். பேசக்கூடாது என்றதை மட்டும் சொந்தக்காரர்கள் கேட்கவில்லை.

ஆயுளுக்குக் காரணம் என்ன என்பதில் வீட்டில் இன்னும் ஒரு முடிவில்லை. சின்னம்மா ஜெபம் என்கிறார். மாமா மலைக்குளிரும் மண்வெட்டியும் என்கிறார். அம்மாவைக் கேட்டால், சீனி போடாத தேத்தண்ணியும் படுத்தவுடன் வரும் தூக்கமும் என்பார். எனக்கு அம்மா சொல்வதில்தான் நம்பிக்கை.